கேட்பதற்கு முன் சொன்ன ஆமீன்

1.

இந்தக் கதை ஒரு ஸ்டிக்கரில் பிறந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய். பயத்தில்தான் பிறந்தது. [இந்த வரியை வெட்டிவிடலாமா? இருக்கட்டும்.]

2.

முதல் தொடக்கம்: அன்று கடல்

வேண்டாம். கடலை வைத்துத் தொடங்கினால் நான் எதையோ ஒளிக்கிறேன் என்று அர்த்தம்.

இரண்டாவது: நிப்றாஸ் இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் ஓட்டோ ஓட்டுபவன். பின் கண்ணாடியில், "இஸ்ரேலே, காஸாவில் குண்டு போடுவதை நிறுத்து" என்று ஒட்டியிருந்தான். யாரோ படம் பிடித்து அனுப்பிவிட்டார்கள். பொலிஸில் கூப்பிட்டார்கள்.

இது பரவாயில்லை. இப்படியே போகலாம்.

3.

அதிகாரியைக் கெட்டவராக எழுதினால் எனக்கு வேலை சுகம். ஆனால் அவர் உட்காரக் கதிரை கொடுத்தார், தேத்தண்ணி கொடுத்தார். இஸ்ரேல் நாட்டு மக்கள் மீது உனக்கு வெறுப்பா என்று மெதுவாகத்தான் கேட்டார். வெறுப்பு என்று அவர் எழுதிக்கொண்டால் உள்ளே போட ஒரு சட்டம் இருக்கிறது. போட்டால் எப்போது வெளியே வருவான் என்று யாராலும் சொல்ல முடியாது.

"நான் சண்டையத்தான் நிப்பாட்டச் சொல்லுறன் சேர். அந்த ஆக்களோட எனக்கு ஒரு கோவமும் இல்ல."

இந்த வசனத்தை எழுதிவிட்டு எனக்கே பெருமையாக இருந்தது. ஓர் அரசாங்கத்தின் யுத்தம் வேறு, அந்த நாட்டுச் சனம் வேறு. நம் நாட்டு யுத்தத்திலும் நிறுத்து என்றவர்களைத் தேசத்தின் எதிரி என்றுதானே சொன்னார்கள்! இதோடு கதையை முடித்துவிட்டு நிம்மதியாகச் சோறு தின்னப் போயிருக்கலாம்.

அதிகாரி தன் கைபேசியை நிப்றாஸிடம் நீட்டிவிட்டார்.

4.

[வெளியூர் வாசகருக்கு: வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலில் துஆ, அதாவது வேண்டுதல், அரபியும் தமிழுமாக ஓதும்போது நாங்கள் அர்த்தத்துக்காகக் காத்திருப்பதில்லை. ஓதுபவரின் குரல் தாழ்ந்தால் போதும், ஆமீன், அப்படியே ஆகட்டும், தானாக வந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.]

வீடியோவில் நிப்றாஸ் முன்வரிசையில் கையேந்தி உட்கார்ந்திருக்கிறான். ஓதுபவர் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். குண்டு நிற்கட்டும். ஆமீன். கட்டளை போட்டவர்களைத் தண்டிப்பாயாக. ஆமீன். பிறகு, "யூதர்களக் குஞ்சு குருமானோட அழிச்சிடு யா அல்லாஹ்."

நிப்றாஸின் வாய் அசைகிறது. ஆமீன்.

"நான் கவனிச்சுக் கேக்கல்ல சேர். வாயில வந்திட்டு."

உண்மைதான். ஆனால் யார் நம்புவார்? அவனைப் படைத்த எனக்கே கொஞ்சம் சந்தேகம். அதிகாரி சொன்னார்: திங்கட்கிழமை வா. ஸ்டிக்கர் ஒட்டியவன் நீயா, ஆமீன் சொன்னவன் நீயா என்று யோசித்துச் சொல்.

5.

என் மனைவி ஸகியா இதுவரை வாசித்தாள். வாசித்துவிட்டுக் கிழிக்கச் சொன்னாள். கதையில் வருகிறவனைப் பிடிக்க முடியாது, எழுதியவனைத்தான் தேடி வருவார்கள் என்றாள். வெறும் கதைதானே என்றேன். அது என் காதுக்கே நம்பும்படி இல்லை. குசினிக்குப் போனவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பொறகு நம்ம எல்லாரையும் பயங்கரவாதி எண்டுதானே பாத்தாங்க? அது பிழையெண்டா அந்த ஆமீனும் பிழைதான். ஸ்டிக்கர் பிழையில்ல. அத மட்டும் அவன் கழட்டினான் எண்டு எழுதிராதீங்க."

எனக்குக் கோபம் வந்தது. நான் சொல்லியிருக்க வேண்டியதை அவள் சொல்லிவிட்டாளே!

6.

முடிவு அ: நிப்றாஸ் ஸ்டிக்கரைக் கழற்றி, மன்னிப்புக் கேட்டு, வீட்டுக்குப் போகிறான். இதை எழுதக் கை வரவில்லை.

முடிவு ஆ: பொலிஸில் எழுந்து நின்று நீளமாகப் பேசுகிறான். அதிகாரியின் கண் கலங்கு

சீ! வெட்கமாயிருக்கிறது.

ஆகவே இவ்வளவுதான் எழுதினேன். திங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை வருகிறது. அதே பள்ளி, அதே வரிசை. பின்னால் யாரோ கைபேசியை உயர்த்திப் பிடித்திருக்கிறார்கள். அவன் பொலிஸுக்குப் போய்வந்தது எல்லோருக்கும் தெரியும். வாயை மூடினால் பயந்து விலைபோய்விட்டான் என்பார்கள். திறந்தால் அவன் ஒட்டிய ஸ்டிக்கர் பொய்யாகிவிடும்.

குண்டு நிற்கட்டும் என்றபோது எல்லோரையும்விடச் சத்தமாக ஆமீன் சொன்னான். இப்போது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான், வாழ்க்கையில் முதல் தடவையாக.

"யா அல்லாஹ், யூதர்கள..."

குரல் தாழப்போகிறது. அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். உங்கள் கையும் ஏந்தித்தான் இருக்கிறது.