உப்பில்லாத பாண்

மாத்தளை டவுனில் கிடைக்காத சாமான் இல்லை என்று பெருமை பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு இப்போது எரிச்சல் வருகிறது. சீனி வியாதிக்காரருக்குக் குரக்கன் பிஸ்கட் இருக்கிறது. கொழுப்பு ஏறியவருக்கு ஆடை எடுத்த பால் இருக்கிறது. என் வீட்டுக்கு வேண்டிய ஒன்றுதான் எந்தக் கடையிலும் இல்லை. உப்பில்லாத பாண்.

என் கணவர் யஹ்யா லொறி ஓட்டினவர். நாலந்தாவிலிருந்து ரிவர்ஸ்டன் வரைக்கும் அவர் நிறுத்தி, பேக்கரியில் சுட்ட பாண் தின்னாத கடை கிடையாது. இரண்டு கிட்னியும் பழுதான பிறகு, உப்பைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மீறினால் உடம்பில் தண்ணீர் தங்கும், அது நெஞ்சுக்கு ஏறினால் மூச்சு நின்றுவிடும் என்றார். அன்றைக்கே உப்புப் போத்தலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அவர் முன்னால் நான் மட்டும் ருசியாகத் தின்ன மனம் வராமல் நானும் உப்பை விட்டேன். மிளகு, கறுவா, கொறக்காப் புளி, தேசிக்காய் என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுச் சமாளித்தேன். காலையில் எழுந்ததும் அவர் காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். குழி விழுந்தால் அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்காது.

போன மாதத்திலிருந்து சோற்றைக் கண்டாலே அவருக்குக் குமட்டுகிறது. இடியப்பம் வேண்டாம், ரொட்டி வேண்டாம். எலும்புதான் மிச்சம். பின்னேரமானால் சந்து முனையில் பாண் வண்டியின் பாட்டுக் கேட்கும். கட்டிலில் கிடப்பவர் தலையைத் தூக்குவார்.

"நிஸா, ஒரு துண்டு பாண் தாயேன். அது மட்டுந்தான் உள்ள போகும்."

நானே சுட்டுப் பார்த்தேன். பேக்கரியில் இருக்கிற மாதிரிப் போறணை அடுப்புக்கு எங்கே போவது? சட்டியில் மாவை வைத்து, மூடியின் மேல் தணல் போட்டேன். மேலே கரி, உள்ளே பச்சை மா. ஒரு வாய் கடித்துவிட்டு, "இத வச்சு மதில் கட்டலாம்" என்றார். அவரோடு சேர்ந்து சிரித்தேன். பிறகு குசினிக்குள் போய் அழுதேன்.

டவுனில் உள்ள பெரிய கடைக்குப் போனேன். அங்கே நின்ற பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உப்பில்லாத பாணா? அப்பிடி வாறதில்ல அன்ட்டி. பட்டர்தான் உப்பில்லாம இருக்கு, கேக் அடிக்கிறதுக்கு."

கேக்குக்கு இரங்கியிருக்கிறார்கள், மனுசனுக்கு இரங்கவில்லை.

கடைசியில் பாண் வண்டியையே மறித்தேன். வண்டியும் பேக்கரியும் பஸ்லிக்குச் சொந்தம். சின்ன வயதிலிருந்தே என்னை ராத்தா என்றும் என் கணவரை நானா என்றும் கூப்பிட்டுப் பழகியவன்.

"ஒரு பாணுக்குன்னு தனியா மா குழைக்கிறது கஷ்டம், ராத்தா. உப்பு இல்லாட்டி மா சொல்பேச்சுக் கேக்காது. பொங்கிட்டு விழுந்துரும்."

"விழுந்தாலும் பரவாயில்ல, தம்பி. நேத்தும் இன்னைக்கும் உங்க நானா ஒண்ணும் திங்கல்ல."

பஸ்லி தலையைச் சொறிந்தான். "செஞ்சு பாக்குறேன். நாளைக்கு வருவேன்தானே."

மறுநாள் ஒரு பாணைப் பேப்பரில் தனியாகச் சுற்றிக் கொண்டுவந்தான். "நானாக்குன்னு வேறயா சுட்டது" என்று கையில் தந்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே வண்டியைக் கிளப்பினான். அவசரமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவனுக்காகத் துஆ செய்துகொண்டே வீட்டுக்குள் ஓடினேன்.

யஹ்யாவைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தேன். பிஸ்மி சொல்லி முதல் துண்டை வாயில் வைத்தவர், மெல்வதைக் கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அடுத்த துண்டைப் பிய்த்தார், அதற்கடுத்ததையும் பிய்த்தார். அவர் பசியோடு தின்பதைப் பார்த்து எவ்வளவு காலம்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விரிப்பில் சிந்திய துணுக்கை எடுத்து நானும் வாயில் போட்டேன்.

உப்புக் கரித்தது.

வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. மாதக்கணக்காக உப்புப் படாத என் நாக்குக்குச் சுரீர் என்றது. சுற்றிய பேப்பர்தான் வேறு, பாண் ஊருக்கெல்லாம் விற்கிற அதே பாண். மா விழுந்திருக்கும், அதை என்னிடம் சொல்ல அவனுக்கு வாய் வந்திருக்காது.

தட்டைப் பிடித்து இழுத்தேன். "வேணாம்ங்க, இதுல உப்பு இருக்கு."

"தெரியும்" என்றார் யஹ்யா. தட்டை விடவில்லை. "முதல் வாயிலயே தெரிஞ்சிருச்சு."

காலையில் நான் அழுத்தியபோதும் அவர் காலில் குழி விழுந்திருந்தது. கொடுத்தால் தண்ணீர் ஏறும், பறித்தால் பட்டினி. ஊரோடு வாய்ச்சண்டை பிடிக்கிறவள் நான். இப்போது தட்டின் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ்லியின் வண்டிப் பாட்டு மேல் வீதியில் தேய்ந்துகொண்டிருந்தது.

"நீயும் எத்தன நாளாச் சப்புன்னு திங்கிறே" என்று ஒரு துண்டைப் பிய்த்து என் வாயருகே நீட்டினார். "இந்தா, தின்னு."

வாயைத் திறந்தேன். யா அல்லாஹ், அது எவ்வளவு ருசியாக இருந்தது!

அவர் அடுத்த துண்டைப் பிய்க்கட்டும் என்று தட்டிலிருந்து கையை எடுத்தேன்.