மூன்று மடங்குக் கூடம்

தரைக்கல் கடைக்காரருக்கு நான் தர வேண்டியிருந்தது முப்பத்திரண்டாயிரத்து நானூறு. எழுபத்திரண்டு பெட்டிக் கல், பெட்டி நானூற்றைம்பது.

பல் வைத்தியரின் கட்டடம் இரண்டு தெரு சேரும் முக்கில் இருக்கிறது. அதனால் அறைகளும் முக்கோணம். முன்னறைக்கு நான்தான் கல் பதித்தேன். பன்னிரண்டு பெட்டி பிடித்தது. பின்னால் கூடம் கட்டியபோது என்னையே கூப்பிட்டார். முன்னறையின் பக்கங்கள் பன்னிரண்டடி, பதினாறு, இருபது. கூடத்தில் முப்பத்தாறு, நாற்பத்தெட்டு, அறுபது. முன்னறை மூலைக்கு வெட்டிய அட்டை கூடத்தின் மூலையிலும் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது.

மூன்று மடங்கு என்று நானே கண்டுபிடித்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுத்துக்கூட்டப் பழகியே இரண்டு வருடம்தான். அதுவரை மச்சான் விலை எழுதுவார், நான் கைநாட்டு வைப்பேன். இந்தத் தடவை அவரைக் கேட்கவில்லை. கல்லும் கூலியும் சேர்த்து, முன்னறை விலையைப் போல மூன்று மடங்கு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

அந்தக் கணக்கில் வாங்கிய முப்பத்தாறு பெட்டியும் தீர்ந்தபோது மூன்றில் இரண்டு பங்குத் தரை வெறும் சிமெண்டாகக் கிடந்தது. யாரோ திருடிவிட்டார்கள் என்று காலிப் பெட்டிகளைத் திரும்பத் திரும்ப எண்ணினேன்.

கடைக்காரர் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பெரிய முக்கோணம் ஒன்று போட்டு, உள்ளே சின்ன முக்கோணங்களை அடுக்கினார். மேலே ஒன்று, அடுத்த வரிசையில் மூன்று, கீழே ஐந்து. ஒன்பது.

"மூணு தப்பில்லப்பா. நீளத்துக்குப் பெருக்கிட்ட. அகலத்துக்கு யாரு பெருக்குவா?"

வைத்தியரிடம் போய் நின்றேன். அவர் என் காகிதத்தை எடுத்து வைத்தார். "உன் கையெழுத்துதானே? கைநாட்டு வச்சப்ப கணக்கு சரியா இருந்துச்சே." முடிக்காவிட்டால் ஒரு காசும் கிடையாது என்றார். மிச்சக் கல்லைக் கடனுக்கு எடுத்து முடித்தேன். வந்த பணம் முதல் முப்பத்தாறு பெட்டிக்கும், கூட வேலை செய்தவர்களின் கூலிக்குமே போய்விட்டது.

நாலு மாதம் தவணை சொல்லிப் பார்த்தேன். என்னிடம் விலைபோகக் கூடியது கல் வெட்டும் மெஷின் ஒன்றுதான். அது இருந்ததால் நான் மேஸ்திரி. இல்லாவிட்டால் அடுத்தவர் வேலையில் கலவை சுமக்கிற ஆள்; பதினொரு வருடம் சுமந்தவன்தான். மனைவி மெஷினைத் துடைத்துச் சாக்கில் சுற்றினாள்.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றாள்.

கடைக்காரர் மெஷினை ஓட்டிப் பார்த்தார். அந்தக் கடனுக்கு அது பத்தாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நோட்டில் என் பக்கத்தின் குறுக்கே கோடு இழுத்து, 'தீர்ந்தது' என்று எழுதி என்னிடம் திருப்பினார்.

"படிச்சுப் பாத்துட்டுப் போடு."

எழுத்துக்கூட்டிப் படித்தேன். அடியில் கையெழுத்துப் போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, நாளைக்கு எங்கே கலவைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவரிடமே கேட்டேன்.