ஒன்பது பூச்சு மந்திரிகள்

ஒரு நாட்டின் உள்துறை மந்திரிகள் பதினோரு பேரை நான் ஒருத்தனாகவே பதவியிலிருந்து இறக்கியிருக்கிறேன். துப்பாக்கி கிடையாது, பட்டாளம் கிடையாது. ஒரு டப்பா பச்சைப் பெயிண்ட், ரெண்டு பிரஷ், அவ்வளவுதான். அந்த நாடே இப்போது இல்லை. அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. நாடு போவதற்கு முன்பே நான் திருச்சிக்கு வந்துவிட்டேன்.

பாலக்கரையில் இதை எல்லோரும் நம்புவார்கள். டீ வாங்கித் தருகிறவன் சொன்னால் நம்பத்தானே வேண்டும். நம்பாதவர் ஒரே ஒருவர், அழகிரி. கண்டோன்மென்ட்டில் ஒரு சர்க்கார் ஆபீசில், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவர்களின் காகிதங்களைப் பார்க்கிற பிரிவுக்குத் தலைவர். 1978-ல் அவரை நம்ப வைத்தே தீரவேண்டிய நிலைமை எனக்கு வந்தது.

காரணம் ஜீனத். அவள் அப்பா காஜா மைதீன் சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், அங்கேயே காலமானவர். நான் அவர் கடைக்கு எதிரே போர்டு எழுதிப் பிழைத்தவன். எழுபத்தைந்தில் தாயும் மகளுமாகத் திரும்பி வந்தார்கள். இங்கே வந்து ஜீனத் நர்ஸ் படிப்பை முடித்தாள். வேலைக்கு ஆர்டரும் வந்துவிட்டது. முப்பதாம் தேதிக்குள் சேரவேண்டும். அதற்கு இந்தியப் பிரஜை என்று அழகிரி ஆபீஸ் சான்றிதழ் தரவேண்டும். அவளிடம் இருந்தது இரண்டே காகிதம். இரண்டும் தென் வியட்நாம் உள்துறை அமைச்சகம் 1964-ல் கொடுத்தவை. காஜா மைதீன் இந்தியர் என்பதற்கு ஒன்று, அக்டோபர் பதினைந்து. ஜீனத் அவர் மகள் என்பதற்கு ஒன்று, நவம்பர் ஏழு.

"முதல் காகிதத்துல ஒரு மந்திரி பேர் போட்டிருக்கு," என்றார் அழகிரி. "மூணு வாரம் கழிச்சு வேற பேர். மந்திரின்னா என்ன, பஸ் கண்டக்டரா, ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறுறதுக்கு? இதுல ஒண்ணு போலிம்மா. எதுன்னு தெரியாம ரெண்டையும் எடுத்துக்க முடியாது."

"அங்க எழுதிக் கேளுங்க சார்," என்றாள் ஜீனத்.

"எங்கன்னு எழுதறது? அந்த கவர்மெண்டே இல்லையே."

ஜீனத் என்னிடம் வந்து அழவில்லை. "பன்னெண்டு நாள் இருக்கு மாமா," என்று மட்டும் சொன்னாள்.

"பன்னெண்டு நாளா? அங்க அதுக்குள்ள ரெண்டு கவர்மெண்ட் போயி மூணாவது வந்திருக்கும்," என்றேன்.

அழகிரி ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தார். தினமும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஆபீஸ் வருவார். ஆபீசில் என்னை உள்ளேயே விடவில்லை. பஸ்ஸில் யார் தடுப்பது? பாலக்கரைக்காரனான நான் விடியற்காலையில் ஸ்ரீரங்கம் போய், ராஜகோபுரம் ஸ்டாப்பில் காத்திருந்து, அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து திரும்பி வந்தேன். அந்த அமைச்சகத்தில் நான் போர்டு எழுதிய மந்திரிகளின் கதையைச் சொன்னேன். ஒரு பயணத்துக்கு ஒரு மந்திரி, சில நாள் இரண்டு. முதல் மந்திரி யாரோடும் பேசாதவர். அவர் மேஜை மணிக்கே குரல் போய்விட்டது. மூன்றாமவர் பயத்தில் முதுகு சுவரில் படும்படி நாற்காலியை நகர்த்தி நகர்த்தி, சுவரில் அவர் உருவத்துக்கு ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. ஐந்தாமவர் பெயரை நான் எழுதி, பெயிண்ட் காய்வதற்குள் அவர் போய்விட்டார். துணியால் துடைத்தே எடுத்துவிட்டேன்.

காவேரிப் பாலம் வரும்வரை அழகிரி ஜன்னலையே பார்ப்பார். பாலம் தாண்டினால் காது இந்தப் பக்கம் திரும்பும்.

ஆறாம் நாள் பாலம் வரும் முன்பே, மாம்பழச் சாலையில் பஸ் நின்றபோது கேட்டார். "பெரியவரே, கதை நல்லாத்தான் இருக்கு. ஃபைல்ல வைக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?"

"ஃபைல்ல வைக்க முடியாது சார். நாலடி நீளம்."

அந்த அமைச்சக அறை வாசலில் மாட்டிய தேக்குப் பலகை அது. மந்திரி மாறினால் புதுப் பலகை கிடையாது. பழைய பெயர் மேலேயே பச்சை அடித்துப் புதுப் பெயர் எழுதுவேன். பூச்சு ஏறி ஏறிக் கடைசியில் பலகை சட்டத்துக்குள் நுழையவில்லை. புதுசு செய்துகொண்டு பழசை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். ஊர் திரும்பியபோது சாமான் பெட்டிக்கு அதையே மூடியாக அடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் அதைக் கழற்றி ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பலகையைப் பார்த்ததும் காவலாளி வழி விட்டுவிட்டார். தச்சன் என்று நினைத்திருப்பார். ஜீனத்தும் வந்திருந்தாள்.

"இதை நீங்க போன வாரம் எழுதலைன்னு நான் எப்படி நம்பறது?" என்றார் அழகிரி.

"உங்களுக்கு நம்பிக்கையான ஆளை நீங்களே கூட்டிட்டு வாங்க."

மறுநாள் அவர் கூட்டிவந்தது மூக்கன். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் ரயில் பெட்டிக்குப் பெயிண்ட் அடித்தவர், அழகிரிக்குப் பெண் கொடுத்த வகையில் சொந்தம். பெட்டிக்குப் புதுப் பெயிண்ட் அடிக்குமுன் ஒரு மூலையில் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, அடியில் எத்தனை பூச்சு என்று வளையம் வளையமாகப் பார்ப்பது அவர்கள் வழக்கம். பலகையின் ஓரத்தில் அப்படித் தேய்த்தார். நகத்தால் அழுத்தினார். முகர்ந்தார்.

"மாப்ளே, ஒம்போது பூச்சு. மேல் பூச்சுக்கே பத்து வயசு இருக்கும். நகம் இறங்கல, தூளாத்தான் வருது. போன வாரத்துப் பெயிண்டுனா சுருண்டு வரும்."

"ஒம்போதா?" அழகிரி என்னைப் பார்த்தார். "பதினொண்ணுன்னீங்க."

"மேம்பாலத்துல பஸ் நின்னுபோன அன்னைக்கு ரெண்டு பேரைச் சேர்த்துக்கிட்டேன் சார்."

ஜீனத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பேரைப் பார்க்கணும்னா மேல இருக்கறதையெல்லாம் எடுக்கணும்," என்றார் மூக்கன். "எடுத்தா போச்சு. திரும்ப வராது. என்ன சொல்றீங்க அண்ணே?"

சைகோனிலிருந்து நான் கொண்டுவந்ததில் மிச்சம் அந்தப் பலகை ஒன்றுதான். ஆனால் முப்பதாம் தேதிக்கு நாலே நாள் இருந்தது.

"தேய்ங்க," என்றேன். "ஒருதரம் இறக்கினவங்கதானே."

இரண்டு மணி நேரம் தேய்த்தார். நானும் ஒரு தாளை எடுத்துக்கொண்டேன். வாளித் தண்ணீர் பச்சையாகிவிட்டது. ஆபீசில் பாதிப்பேர் சுற்றி நின்றார்கள். மேலே இருந்த மூன்று பேர் போனார்கள். நாலாவது பூச்சில் வெள்ளை எழுத்து மங்கலாக எழுந்தது. வலது மூலையில் கடுகு மாதிரி தமிழில் 'ச.ரா.', பக்கத்தில் 5-11-64. சவரிராயன் என்கிற நான், அங்கே யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது என்கிற தைரியத்தில், ஒவ்வொரு மந்திரிக்கும் அடியில் என் பெயரைப் போட்டு வைத்திருந்தேன்.

அழகிரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நவம்பர் காகிதத்தைப் பலகைமேல் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார். வியட்நாம் எழுத்தின் தலையில் போட்ட கொம்பு, அடியில் வைத்த புள்ளி எதையும் விடவில்லை.

"அடுத்தது," என்றார்.

அந்தப் பெயரும் போனது. அதன் அடியில் இன்னொரு பெயர், 'ச.ரா.', 10-9-64. அக்டோபர் காகிதத்தை எடுத்தார். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை விரல் நகர்ந்தது. திரும்ப முதலிலிருந்து ஒருமுறை நகர்ந்தது.

மூக்கன் கையைத் துடைத்துக்கொண்டார்.

அழகிரி நாற்காலிக்குப் போய் ஜீனத்தின் ஃபைலைத் திறந்தார். நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். சீல் வைத்தார். சான்றிதழை அவளிடம் நீட்டும்போது என் பக்கம் பார்க்கவில்லை.

"நடந்திருக்கும்மா," என்றார். "மூணு வாரத்துல ரெண்டு மந்திரி. இந்த மனுஷன் சொன்ன மாதிரியே நடந்திருக்கு."