ஒஸ்வால்டின் பிரஷர் மிஷின்

கிட்ட வந்து இருங்கள், என் செல்லங்களே. கொட்டாஞ்சேனையில் படிக்காமலே டொக்டரான ஒருவரின் கதையை உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

ஒஸ்வால்ட் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். இத்தாலியிலிருந்து மகள் ஒரு பிரஷர் மிஷின் அனுப்பினாள். அன்றோடு மனிதருக்குத் தலைக்கனம் பிடித்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் மாடிவீட்டுச் சனமெல்லாம் அவர் மேசையில் கை நீட்ட வேண்டும். மருமகள் டெனிஷாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். அவள் கையில் பட்டியைச் சுற்றியவர், கப்பல் மூழ்குவதைக் கண்டவர்போல எழும்பினார்.

"தொண்ணூத்தாறு! லோ பிரஷர்! றொஹான், இவள் இனி வேலைக்குப் போகத் தேவையில்ல."

கொள்ளுப்பிட்டியில் அவள் பாடுபட்டு எடுத்த வேலை அது. கணவன் றொஹானோ தகப்பன் தும்மினாலும் தலையாட்டுகிற பிராணி, இதற்கும் ஆட்டினான். அன்றுதொட்டு, உப்பால் பிரஷரை ஏற்ற, அவளுக்கு வேளாவேளைக்குக் கருவாடு, இடையில் சுடுதண்ணீரில் கரைத்த மார்மைட் என்கிற உப்புக் களி. குமட்டினாலும் விடவில்லை, அந்த மேதை.

கிளினிக்குக்கும் கூடவே போனார், டொக்டருக்குப் பாடம் எடுக்க. அங்கிருந்த பெண் டொக்டர் டெனிஷாவைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அங்கிள், வயித்தில பிள்ளை இருக்கேக்க ரத்தக் குழாயெல்லாம் இளகி அகலும். ரத்தம் கூடினாலும், குழாய் அகலமானதால நடுமாதங்களில பிரஷர் கொஞ்சம் இறங்கும். பிள்ளைக்கு ரத்தம் தாராளமாப் போகத்தான் அது. இவ சுகமா இருக்கிறா. உப்பைக் குடுக்காதீங்க."

"வேலைக்குப் போகலாமா, டொக்டர்?" டெனிஷா அவசரமாகக் கேட்டாள்.

"ஏன், தாராளமாப் போங்க. சட்டெண்டு எழும்பாதீங்க, அவ்வளவுதான்."

"நேத்துப் பாஸ் பண்ணின பெட்டை. அவவுக்கு என்ன தெரியும்?" வழிநெடுக முணுமுணுத்தார் ஒஸ்வால்ட். "வேலை வேண்டாம் எண்டா வேண்டாம்."

ஞாயிறு வந்தது, சனமும் வந்து நின்றது. பட்டியை டெனிஷாவே எடுத்தாள்.

"மாமா, இண்டைக்கு முதல்ல உங்கட கை."

இத்தனை பேர் பார்த்திருக்க மறுக்க முடியுமா? நூற்றெழுபத்தெட்டு.

"மிஷின் பழுது!"

"அப்ப என்ட தொண்ணூத்தாறும் பழுதுதானே, மாமா?"

சமையலறையிலிருந்து மாமியார் யோசெப்பின் எட்டிப் பார்த்தாள். "மிஷினுக்கு என்ன பழுது? பிள்ளைக்குப் பொரிச்ச கருவாட்டில பாதியை ருசி பாக்கிறன் எண்டு திண்டது ஆரு?"

சிரிப்பு படியிறங்கித் தெருவரை போனது. திங்கட்கிழமை டெனிஷா வேலைக்குப் புறப்பட்டாள். அவள் பையைப் பஸ் வரை றொஹான் தூக்கிவந்தான், அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே. டொக்டர் ஒஸ்வால்ட் வீட்டில் உப்பில்லாக் கஞ்சியை முறைத்தபடி இருந்தார்.

உங்கள் வீட்டில் பிள்ளை சுமக்கிறவள் விரும்பியதைச் சாப்பிட்டு, விரும்பிய இடத்துக்குப் போய்வரட்டும், கண்ணுகளே. பிறக்கிற பிள்ளையின் சத்தத்தில் உங்கள் வீடு நிறையட்டும்.