சாலா மலைக்காடு

காட்டுக்குள் மான் பார்க்கும் பரணுக்கு ஏறும் ஏணியில் கால் வைத்ததுமே பிரோஷ்காவுக்கு ஒரு குறை கிடைத்துவிட்டது. "ஆடுது பாரு. இதுல உன் முட்டியை வச்சுக்கிட்டு எப்படி ஏறி எறங்குவ?" என்றாள்.

அவள் கணவன் வெண்டெல் ஏணியை அழுத்திப் பிடித்துக்கொண்டான். கீழே நின்ற காட்டுக் காவலர் சோங்கோர்தான் சிரித்தார். அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி, "கைக்கு முத்தம், அம்மணி" என்று வணங்கிய பழைய காலத்து மனிதர். "ஏணியை மாத்திடலாம் அம்மணி. மானைத்தான் மாத்த முடியாது. இந்தச் சாலா மலையில இருக்கிற மாதிரி வேற எங்க இருக்கு?" என்றவர், இருட்டியதும் வண்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

காலையிலிருந்து அவள் குறைகளைத்தான் சேர்த்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். இந்தக் காட்டின் வேட்டைச் சங்கத்தில் சேரவே ஒரு பெருந்தொகை, அப்புறம் வருஷா வருஷம் கட்டணம். அவள் அப்பாவின் திராட்சைத் தோட்டத்தை விற்று வந்த பணம் மொத்தமும் இதற்கே போய்விடும். அந்தப் பணத்தில் அவளுக்கு வேறோர் ஆசை இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் வெண்டெலோடு கடலுக்குப் போனதில்லை. கூட்டம் வடிந்த செப்டம்பரில்தான் கடற்கரை நன்றாக இருக்கும் என்பார்கள். செப்டம்பரோ கலைமான்கள் ஜோடி தேடிக் கூப்பிடும் மாதம். அந்த மாதம் முழுக்க வெண்டெல் காட்டில் இருப்பான். அவள் தனியாகப் பிளம் ஜாம் கிண்டிப் புட்டிகளில் அடைப்பாள்.

இந்த வருஷம் அவனுடைய பழைய காடு போய்விட்டது. நிலச் சொந்தக்காரர்கள் கூடி, வேட்டை உரிமையை வேறொரு சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் பிரோஷ்காவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆனால் வீட்டிலிருந்த வெண்டெல் வீட்டில் இல்லை. சாப்பிடும்போது கரண்டியைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வான். அவள் பேசிக்கொண்டே இருப்பாள், அவன் எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பான். வெளியே பேருந்து போகும் சத்தம்தான் கேட்கும். காட்டுக்குப் போனவனுக்காகவாவது காத்திருக்கலாம். எதிரே உட்கார்ந்திருப்பவனுக்காக எப்படிக் காத்திருப்பது?

அதனால்தான், "புதுக் காடு ஒண்ணு இருக்காம், பார்த்துட்டு வரேன்" என்று அவன் சொன்னபோது, "நானும் வரேன்" என்றாள். அவன் முகத்தில் ஓடிய வியப்பு அவளைச் சுருக்கென்று குத்தியது. இத்தனை வருஷத்தில் அவன் கூப்பிட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

பரணில் இரண்டு பேருக்குத்தான் இடம். பன்றிக்கொழுப்பும் வெங்காயமும் ரொட்டியுமாகச் சத்தமில்லாமல் தின்றார்கள். கீழே புல்வெளி, அதைத் தாண்டி பீச் மரங்கள். வெயில் இறங்க இறங்க மரங்களுக்கு நடுவே நிறம் மங்கியது. சும்மா பார்த்துப் போக வந்தவர்கள் என்பதால் துப்பாக்கி இல்லை. அவன் கைகள் வெறுமனே மடியில் கிடந்தன.

அப்போது கலைமான் கூப்பிட்டது.

இத்தனை பெரிய குரலாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, உடைந்து, இன்னும் நீண்டு, கடைசியில் பெருமூச்சு போல அடங்கியது. மிரட்டல் என்றுதான் இதுவரை கேள்விப்பட்டிருந்தாள். அவள் காதுக்கு அது அப்படி இல்லை. யாருமில்லாத வீட்டில் ஒருவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது போலிருந்தது.

திரும்பிப் பார்த்தாள். வெண்டெல் கண்களை மூடியிருந்தான். கொம்புகளுக்காகத்தான் போகிறான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தாளே.

"பெரிய மான்தான்," என்றான் மெதுவாக. கண்களைத் திறந்து, "ஆனா நம்ம காட்டுச் சத்தம் இல்ல இது" என்றான்.

"பணத்தைக் கட்டினா நம்ம காடாயிடாதா?"

"தெரியல." அவள் பக்கம் திரும்பினான். "உனக்கு என்ன தோணுது, பிரோஷ்கா? இவ்வளவு செலவு பண்ணலாமா?"

வேண்டாம் என்ற சொல் காலையிலிருந்தே தயாராக இருந்தது. அதைத் தேடினாள், நாக்குக்கு வரவில்லை. இப்போது அப்படிச் சொன்னால் அது பொய்யாகிவிடும்; அவனிடம் துளிப் பொய்யும் சொல்ல அவளுக்கு மனமில்லை.

"கட்டினா, என்னையும் கூட்டிட்டு வருவியா?"

அவன் யோசித்தான். உடனே சரி என்று சொல்லாமல் அவன் யோசித்தது அவளுக்குப் பிடித்திருந்தது.

"ரொம்பக் குளிருமே. பேசவும் கூடாது."

"வீட்ல மட்டும் என்ன பேசிக் கிழிக்கிறோம்?"

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பரண் லேசாகக் குலுங்கியது. பிறகு தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி, இருவர் முழங்கால்களையும் சேர்த்துப் போர்த்தினான்.

"இன்னொரு தடவை கூப்பிடட்டும். அப்புறம் சொல்றேன்," என்றாள் அவள்.

புல்வெளியின் ஓரத்தில் பெண்மான்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மேயவில்லை. தலையைத் தூக்கி, காதுகளை இருண்ட மரங்கள் பக்கம் திருப்பி, அசையாமல் நின்றன.