ஆவிகள் நடமாடாத சனிக்கிழமை

தேதியைக் குறித்தது அப்பாதான். சந்திர மாதத்தில் ஒன்பதிலும் பூஜ்யத்திலும் முடிகிற நாட்களில் தொல்லை தருகிற ஆவிகள் பூமியில் இருக்காது, மேலே போய்விடும். அன்றைக்கு வீடு மாறலாம், கல்யாணம் பேசலாம், பயமில்லாமல் சுவரில் ஆணிகூட அடிக்கலாம். ஏழாம் மாதம் இருபத்தொன்பது, சனிக்கிழமை. எழுபத்து மூன்று வயதான அப்பா பெக் தல்சூ, வங்கியில் கொடுத்த நாட்காட்டியில் அந்தக் கட்டத்தைச் சிவப்புப் பேனாவால் இரண்டு முறை சுழித்து வைத்திருந்தார்.

அறுவடைப் பண்டிகைக்கு இரண்டு வாரம் முந்தைய அந்தச் சனிக்கிழமையில்தான் நாட்டில் பாதிப் பேர் முன்னோர் கல்லறைகளில் புல் வெட்டக் கிளம்புவார்கள் என்பது அவருக்கும் தோன்றவில்லை, மகள் முன்ஹிக்கும் தோன்றவில்லை. அவர்களுக்குப் புல் வெட்டக் கல்லறை கிடையாது. அம்மாவின் சாம்பல் ஆறு வருடமாக ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில், கண்ணாடிக் கதவு போட்ட சின்ன மாடத்தில் இருக்கிறது. அங்கே புல் முளைப்பதில்லை.

அதனால்தான் ஆறு மணிக்கே சியோலை விட்டுக் கிளம்பியும், பத்தரைக்கு, வழக்கமாக ஒரு மணி நேரத்தில் தாண்டிவிடுகிற சொனான் பக்கத்திலேயே நெடுஞ்சாலையில் நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு வேன். அதன் கூரையில் புல் வெட்டும் இயந்திரங்களைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் யாரோ வீடு மாறுகிற லாரி. ஆவியில்லாத நாள் பார்த்தவர் அப்பா ஒருவர் மட்டும் இல்லையே. இடது ஓரத்தில் நீலக்கோடு போட்ட பேருந்துத் தடத்தில் மட்டும் பேருந்துகள் சர்ரென்று போயின.

"பாரு, நம்மாளுங்க போறானுங்க," என்றார் அப்பா. முப்பத்தோரு வருடம் சியோலில் நகரப் பேருந்து ஓட்டியவர். "ஒருத்தனாவது திரும்பிப் பாக்கறானா?"

"ரிட்டயர் ஆனவங்களுக்கெல்லாம் நின்னு சல்யூட் அடிப்பாங்களா அப்பா?"

"நீ முன்னாடி பாத்து ஓட்டு. அந்த வேனுக்கும் உனக்கும் நடுவுல ஒரு குடும்பமே குடியேறலாம்."

"எங்க ஓட்டறது? நின்னுட்டுதானே இருக்கோம்."

மடியில் ஊதாப் பட்டுத்துணியில் முடிந்த சிவப்பு ஜின்செங் மருந்து வேர்ப் பெட்டியை அவர் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பின்சீட்டில் வைக்கலாமே என்று மகள் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். மதிப்பாகக் கொடுக்க வேண்டியதைச் சாமான் மாதிரி உருட்டிக்கொண்டு போகக் கூடாதாம்.

பெட்டி யாருக்கென்றால், சுன்சொனில் சிப்பிக் கடை வைத்திருக்கும் பொக்னம் அம்மாளுக்கு. இரண்டு வருடம் முன்பு மலையேறும் குழுவோடு போன அப்பா பாதி மலையில் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது, ஒரு வெள்ளரிக்காயை இரண்டாக ஒடித்துப் பெரிய பாதியை நீட்டியவள் அவள். அவளும் தனியாள்தான். ஒரே மகன் சங்பே, சரக்குக் கப்பலில் என்ஜினியர். "அம்மாவுக்குச் சந்தோஷம்னா எனக்கும் சந்தோஷம். ஆனா அந்த மனுஷனை நான் நேர்ல பாக்கணும்," என்று சொல்லியிருந்தான். இன்று ஒரு மணிக்கு சுன்சொனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் தனி அறையில் இரண்டு குடும்பமும் சந்திக்க ஏற்பாடு. மூன்றரைக்கு அவன் துறைமுகத்துக்குக் கிளம்பியாக வேண்டும். ஏறினால் ஏழு மாதம்.

அப்பா முதலில் கல்யாண விஷயத்தைச் சொன்னபோது முன்ஹி, "அம்மா போய் ஆறு வருஷம்தான் ஆகுது," என்றாள். அப்புறம் மூன்று வாரம் அவருக்குப் போன் செய்யவில்லை. அவர் சண்டை போடவில்லை. தினமும் ராத்திரி, தான் தின்று முடித்த நூடுல்ஸ் சட்டியைப் படம் பிடித்து அனுப்பினார். இருபத்தோராவது சட்டியில் அவள் உடைந்தாள். நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். ரயிலில் போகலாம் என்றதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ரயில்ல தனியா வந்து எறங்கினா, பெத்த பொண்ணே அனுப்பி வைக்காத ஆளுன்னு அந்தப் பையன் நெனப்பான்."

"நானும் ரயில்லதானே கூட வருவேன்?"

"கார்ல எறங்கற மாதிரி வருமா?"

பதினொன்றரைக்கு வழிகாட்டும் கருவி, இரண்டு நாற்பதுக்குப் போய்ச் சேர்வீர்கள் என்றது. ஓய்வு நிறுத்தத்தில் கழிப்பறை வரிசையே வாசலைத் தாண்டி நின்றது. கையில் போனுடன் முன்ஹி ரயில் டிக்கெட் தேடினாள். உட்காரும் இடமும் இல்லை, நின்றுகொண்டு போகிற இடமும் இல்லை. திரும்பத் திரும்ப அழுத்தினாள். ஒரு முறை ஓர் இடம் வந்தது. பெயரை அடிப்பதற்குள் போய்விட்டது.

அப்பா அங்கே வாங்கிய வால்நட் கேக் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தார். "சாப்பிட்டா அங்க போயி சாப்பிட முடியாது. அவங்க எத்தனை வகை சொல்லி வச்சிருப்பாங்களோ."

ஒரு மணிக்குப் பொக்னம் அம்மாள் அழைத்தாள். ஒலிபெருக்கியில் அவள் குரல் காரை நிறைத்தது.

"டிரைவர் ஐயா! எங்க இருக்கீங்க? பஸ்ஸ எந்த ஸ்டாப்புல நிறுத்திட்டீங்க?"

"வந்துட்டே இருக்கோம்," என்றார் அப்பா.

"பொய் சொல்லாதீங்க, டிவியில காட்டறாங்க. மேலேர்ந்து பாத்தா எறும்பு மாதிரி இருக்கு. நீங்க எந்த எறும்பு?"

அப்பா சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் மெதுவாக, "தம்பி வந்துட்டாரா?" என்றார்.

"பன்னெண்டரைக்கே வந்துட்டான். சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு."

போனை வைத்த பிறகு அப்பா தன் சட்டையைத் தடவிப் பார்த்தார். சீட் பெல்ட் போட்டிருந்த இடம் முழுக்கக் கசங்கிவிட்டது.

இரண்டரைக்கு, நாலு இருபது என்றது கருவி. நின்ற கார்களுக்கு நடுவே ஒரு ஆள் அரிசிப்பொரி வட்டுகளை விற்றுக்கொண்டு நடந்து வந்தான். இவர்களைத் தாண்டிப் போனான். வெகு நேரம் கண்ணுக்குத் தெரிந்தான், பிறகு முன்னால் மறைந்தும் போனான். "அவன் கூட நடந்திருந்தா போயிருக்கலாம்," என்றார் அப்பா. முன்ஹிக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளே சங்பேயை அழைத்தாள். "தம்பி, நான் முன்ஹி. ஒரு மணி நேரம் மட்டும் எப்படியாவது..."

"அக்கா, என் கையில இருந்தா இருப்பேன். கப்பல் இருக்காதே," என்றான். கோபமில்லாத, களைத்த குரல். அவன்மேல் கோபப்படக்கூட அது இடம் தரவில்லை.

"அப்பாகிட்ட குடுக்கறேன். வீடியோவுல ஒரு வார்த்தை பேசிடுங்களேன்."

அப்பா கையை ஆட்டி மறுத்தார். போனை மூடிக்கொண்டு கிசுகிசுத்தார்: "வேணாம்டி. மொத மொதல்ல பாக்கறப்ப கார் சீட்டுல சாஞ்சுக்கிட்டா? எழுந்து குனிஞ்சு வணக்கம் சொல்ல முடியாத எடத்துலேர்ந்து என் மூஞ்சிய எப்படிக் காட்டறது?"

"அப்பா, இதுவும் இல்லன்னா ஏழு மாசம்."

"தெரியும்."

அவள் ஸ்டியரிங்கை ஓங்கி அடித்தாள். ஹாரன் கத்தியது. முன் வேனிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்து, "எங்களுக்கு மட்டும் இறக்கை இருக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போயிற்று.

மூன்று நாற்பதுக்கு அவனே அழைத்தான். "கிளம்பிட்டேன் ஐயா. பாத்து வாங்க. திரும்பி வந்ததும் சந்திப்போம். அதுவரைக்கும் அம்மா எதையும் முடிவு பண்ண வேணாம்னு சொல்லியிருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்ல, இல்ல. நீங்க சொல்றதுதான் சரி. நல்லபடியா போயிட்டு வாங்க," என்றார் அப்பா. யாரும் பார்க்காத அந்த இடத்தில், மடியில் இருந்த பெட்டியின் மேல் நெற்றி படுகிற அளவுக்குக் குனிந்தார்.

நிமிர்ந்து டையைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்தார். "அடுத்த எக்ஸிட்ல திரும்பிடலாம். உனக்கும் கை வலிக்கும்."

அவள் கருவியின் திரையை விரலால் இழுத்துப் பார்த்தாள். காலையில் புல் வெட்டப் போனவர்கள் இப்போது திரும்பிக்கொண்டிருந்தார்கள். சியோல் பக்கம் போகிற கோடும் கருஞ்சிவப்பு. "போனா ரெண்டு மணி நேரம். திரும்பினா அஞ்சரை மணி நேரம். எது வேணும்?"

அப்பா ஏழு மாதத்தை விரல்விட்டு எண்ணினார். எழுபது வயதுக்கு மேல் காத்திருப்பதும் ஐம்பதில் காத்திருப்பதும் ஒன்றா என்று கேட்பார் என்று அவள் பயந்தாள். அவர், "மார்ச்ல எனக்கு எழுபத்து நாலு," என்று மட்டும் சொன்னார்.

போன் மறுபடி அடித்தது.

"டிரைவர் ஐயா, அறைய காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நான் வெளி பெஞ்சுல உக்காந்திருக்கேன். மீன் வறுவல், சிப்பி, எல்லாத்தையும் டப்பாவுல கட்டி வாங்கிட்டேன்."

"வீட்டுக்குப் போங்க. வெயில் இருக்கு."

"வீட்ல யாரு இருக்கா? பையன் போயிட்டான். முடிவு பண்ணாதன்னுதான் சொன்னான், சாப்பாடு போடாதன்னு சொல்லலையே. காலையிலேர்ந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?"

அப்பா வால்நட் கேக் பொட்டலத்தை மகள் பக்கம் நீட்டி, நீ சொல் என்பது போல் தலையை அசைத்தார்.

"இல்லம்மா, சாப்பிடல," என்றாள் முன்ஹி. அம்மா என்று அவளைக் கூப்பிட்டது பேசி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"அப்ப வாங்க. ஆறானாலும் இருக்கேன்."

வேன் நகர்ந்தது. இவர்கள் காரும் மூன்று கார் நீளம் நகர்ந்தது. அப்பா பையிலிருந்து டையை எடுத்துக் கண்ணாடியைப் பார்த்து ஒரு முடிச்சுப் போட்டார். கருவி ஐந்து ஐம்பது என்றிருந்ததை ஆறு பத்து என்று மாற்றியது. முடிச்சை இறுக்குவதா, அவிழ்ப்பதா என்று தெரியாமல் அவர் கைகள் கழுத்தருகே அப்படியே நின்றன.

"இறுக்குங்கப்பா," என்றாள் அவள். முன்னால் வேனின் சிவப்பு விளக்குகள் மறுபடி எரிந்தன.