ஐந்து பூட்டு வீடு

"அரசாங்கமே நாலு மாடி ஏறி என் வீட்டுக்கு வந்து, மூச்சு வாங்க நின்னு, 'ஐயா, தயவுசெஞ்சு வீட்டைக் காலி பண்ணிடாதீங்க'ன்னு என் கையைப் புடிச்சுக் கெஞ்சுச்சு!"

முடிதிருத்துபவர் கத்தரியை ஆட்டி இப்படி முழங்கியதும் கடையிலிருந்த ஏழு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாதி முகத்தில் நுரையோடு சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவருடைய தங்கை புருஷன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பூட்டுக்காரர். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'சந்தேகம்'; 'சந்தேகம்' கடை எங்கே என்று கேட்டால் பச்சைக் குழந்தையும் வழி காட்டும். தன் நிழல் பின்னால் வந்தால்கூடத் திரும்பி, "யாருய்யா நீ?" என்று விசாரிக்கிற மனிதர்.

"கெஞ்சுச்சாம்! மச்சான், அரசாங்கம் வீடு தேடி வந்தா வரி கேக்க வரும், இல்லேன்னா ஓட்டு கேக்க வரும். சும்மா குடுக்கிறவன் எதையோ எடுக்கத்தான் வர்றான்."

"அட, வீட்டுப் பாதுகாப்பு அலுவலகம்னு மாகாண அரசு புதுசா ஆரம்பிச்சிருக்கு மாப்ளே. தெருவுக்கு வந்தவனுக்குப் போர்வை குடுக்கிறதைவிட, வராமத் தடுக்கிறது மேல்னு. எங்க வீட்டுக்காரர்கிட்டப் பேசி ரெண்டு வருஷ ஒப்பந்தமே வாங்கிக் குடுத்துட்டாங்க."

"கதை விடாதே. நுரை காயுது, வேலையைப் பாரு."

வாய்தான் அப்படிச் சொன்னது. மனசு வேறெங்கோ இருந்தது. அன்று காலை ஒரு தரகர் போன் செய்திருந்தார். "அண்ணே, முப்பதாம் தேதி ஒரு வீட்டுக்குப் பூட்டு மாத்தணும். குடியிருக்கிறவங்களைக் காலி பண்ண வைக்கிறோம்." முகவரியைக் குறித்துக்கொண்டே வந்த கை பாதியில் நின்றது. மூன்றாம் மாடி, வலதுபக்க வீடு. அது அவருடைய வீடு! கட்டடத்தைப் புதிதாக வாங்கியவரின் தரகருக்குப் பூட்டுக்கடையும் தெரியும், வீடும் தெரியும். இரண்டும் ஒரே ஆளுடையது என்பது மட்டும் தெரியாது.

அப்படி எத்தனையோ வீடுகளுக்கு அவர் பூட்டு மாற்றியிருக்கிறார். சுருட்டிய பாயும் தட்டுமுட்டுச் சாமானுமாகப் படிக்கட்டில் குந்தியிருக்கும் குடும்பத்தை நிமிர்ந்து பார்க்காமலேயே வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறார். இப்போது அந்தப் படிக்கட்டில் தன் மனைவி உட்கார்ந்திருப்பது போல் ஓயாமல் தெரிந்தது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏற்கெனவே நாலு பூட்டு போட்டிருந்த கதவில், யானை முட்டினாலும் அசையாத ஐந்தாவது பூட்டைப் பொருத்தினார். அவ்வளவுதான்.

மறுநாள் மாலை கதவு தட்டப்பட்டது.

"யாரது?"

"வீட்டுப் பாதுகாப்பு அலுவலகம் ஐயா. உங்களைக் காலி பண்ண வைக்கப் போறதா கட்டட முதலாளி சட்டப்படி எங்களுக்குத் தெரியப்படுத்தியிருக்கார். மூணு கடிதம் போட்டோமே?" பெண் குரல்.

"ஒண்ணும் வரல."

"வரலையா?" உள்ளிருந்து மனைவி வந்தாள். "முத்திரை போட்ட காயிதம் நல்ல சேதி கொண்டு வராதுன்னு, எலி புகாம இருக்கக் கதவடியில நீங்கதானே சொருகினீங்க! ஆமா... காலி பண்ணவா? யாரை?"

பூட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் கதவில் இருந்த சின்னத் துளையில் கண்ணை வைத்தார். "அட்டையைக் காட்டும்மா... போட்டோவுல சிரிக்கிறியே! அரசாங்க ஆளு யாரு போட்டோவுல சிரிக்கிறான்?"

"அன்னிக்குத்தான் ஐயா வேலை கிடைச்சுது. நான் சொல்றதைக் கேளுங்க. மறுப்பு மனுவுல கையெழுத்துப் போடணும். இன்னிக்கு அஞ்சு மணியோட கெடு முடியுது. போட்டுட்டா விசாரணை முடியறவரைக்கும் யாரும் உங்களை அசைக்க முடியாது."

"பாத்தியா, தூண்டில்! கையெழுத்துக் கேக்கிறா!"

"தூண்டிலோ தோரணமோ, முதல்ல கதவைத் திறங்க," என்றாள் மனைவி. அந்தக் குரலை எதிர்த்து நிற்கும் பூட்டு உலகத்தில் இன்னும் செய்யப்படவில்லை.

நாலு பூட்டு திறந்தது. ஐந்தாவதை அவசரமாகத் திருகியதில் சாவி உள்ளேயே முறிந்தது. கருவிப் பெட்டி கடையில் இருந்தது. மணி நாலே கால்.

"ஊரான் பூட்டையெல்லாம் ஊதித் திறக்கிற மனுஷன்!" என்று தலையில் அடித்துக்கொண்ட மனைவி, குனிந்து கதவடியிலிருந்த மூன்று கடிதங்களையும் பிடுங்கினாள். அந்த இடைவெளி வழியே மனு உள்ளே வந்தது. முதல் கடிதத்தைப் பிரித்து உரக்கப் படித்தாள். ஒரு மாதத்துக்கு முந்தைய தேதி. "நீங்கள் வீட்டை இழக்காதிருக்க உதவுகிறோம். கட்டணம் இல்லை. உடனே வாருங்கள்."

பூட்டுக்காரர் மண்டியிட்டார். தரையில் வைத்தே கையெழுத்திட்டு வெளியே தள்ளினார். அந்தப் பெண் இறங்கி ஓடிய ஓட்டத்தில் படிக்கட்டு மூன்று நாள் ஆடியதாகக் கேள்வி. போனில் சேதி கேட்டு மச்சான் கருவிப் பெட்டியோடு வந்து இவர்களை விடுவிக்க இருட்டிவிட்டது.

அப்போதும் சந்தேகம் போகவில்லை. "வெத்துப் பேப்பர்ல போட்டுக் குடுத்துட்டேனோ?" என்று முப்பதாம் தேதிவரை புலம்பினார். அன்று காலை தரகர் போன் செய்தார்.

"அண்ணே, அந்தப் பூட்டு வேலை வேண்டாம். வீட்டுப் பாதுகாப்பு அலுவலகம் தடை போட்டுடுச்சு. அந்த வீட்டுல யாரோ பெரிய செல்வாக்கான ஆள் இருக்கான் போல!"

பூட்டுக்காரர் கடையைக்கூடத் திறக்காமல் நேரே மச்சானிடம் போனார். அங்கே நாலு மாடி பதினாலு மாடியாக வளர்ந்திருந்தது. "சும்மா அளக்காதய்யா," என்று சிரித்த கூட்டம், ஆதரவுக்காக அவரைப் பார்த்தது.

"மாடிக் கணக்கு பொய்தான்," என்றார் அவர். "ஆனா திருட வர்ற கையையும் தூக்கிவிட வர்ற கையையும் ஒரே பூட்டால தடுத்தா, உள்ள மாட்டிக்கிறது நாமதான். கூரை போனப்புறம் அழுறதைவிட, கூரை இருக்கும்போதே உதவி கேட்டுடணும். இனிமே பூட்டு மாத்தக் கூப்பிடறவன்கிட்ட, 'உள்ள இருக்கிறவங்க அந்த அலுவலகத்துக்குப் போய்ப் பேசியாச்சா?'ன்னு கேக்காம நான் பெட்டியைத் தொட மாட்டேன்."

"அதெல்லாம் இருக்கட்டும் மாப்ளே. அரசாங்கம் மாடி ஏறி வந்துச்சா, இல்லையா?"

பூட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தார்.

"வந்துச்சு மச்சான். நான்தான் திறக்கல."